வெள்ளைப் பட்டை சிவந்தது எப்படி?

"அக்கா, நான் கலர் மட்டும்தான் போட்டேன். லாக்கர் பாலீஷ் அடிக்கவே இல்லை. என் பிள்ளை மேல சத்தியம்."

பிள்ளை பிறந்து ஒரு நாள் கூட ஆகவில்லை. அதன் முகத்தை அவன் பார்த்ததே ஒரே ஒரு தடவைதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே போலீஸ்காரர் ஒருவர் வந்து தோளில் கை வைத்துவிட்டார். அந்தப் பிள்ளை மேல்தான் இப்போது சத்தியம் செய்கிறான்.

கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற அக்காவைத் தெரிந்தவர்கள் எல்லாரும் 'சல்லடை மேடம்' என்பார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களைச் சலித்துச் சலித்தே பேர் வாங்கி, பிறகு சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். ஊரார் கேஸ் என்றால் அவளுக்கு மூளை வேலை செய்யும். இது கூடப் பிறந்தவன் கேஸ். காலையில் எடுத்த நோட்டில் அவள் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.

தம்பி மரச்சாமான்களுக்குப் பாலீஷ் போடுகிறவன்: முதலில் கலர், அது காய்ந்ததும் மேலே பளபளக்கிற லாக்கர் பூச்சு. நேற்று விடியற்காலை அவன் மனைவிக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பட்டறை முதலாளி அவனை விடவில்லை. நீளமான சாப்பாட்டு மேஜை ஒன்று இன்றைக்குப் போயாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். மதியம் இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றி, தம்பி வேலையைப் போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டான். சாயங்காலம் பட்டறையைப் பூட்டப் போன முதலாளியின் மருமகன், மாமனார் பின்னறையில் கிடப்பதைப் பார்த்துப் போலீசைக் கூப்பிட்டார். பெரியவரின் பின்மண்டையில், மரத்தை இறுக்குகிற இரும்புக் கிளாம்பால் அடி விழுந்திருந்தது. உயிர் போயிருந்தது.

"மேடம், உங்க வருத்தம் எனக்குப் புரியுது," என்றார் இன்ஸ்பெக்டர். கெட்டவர் இல்லை. ஆனால் கையில் கிடைத்த ஆளை விட்டுவிட்டுக் கிடைக்காத ஆளைத் தேடுகிற ரகமும் இல்லை. "உங்க தம்பி போன பிறகு யாரும் உள்ளே போகலை, எந்த வேலையும் நடக்கலைன்னு மருமகன் அடிச்சுச் சொல்றார். இவன் பாதி வேலையில போனேங்கறான். ஆனா மேஜை லாக்கர் அடிச்சுப் பளபளன்னு நிக்குது. அப்போ யார் சொல்றது பொய்? மேஜையா?"

"அதை நான் பார்க்கலாமா?"

"சீக்கிரம் பாருங்க. வாங்கினவங்க லாரி மதியம் வருது, போட்டோ எடுத்துக்கிட்டு அனுப்பச் சொல்லிட்டேன். சாயங்காலம் இவனைக் கோர்ட்டுக்குக் கொண்டு போறேன்."

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "என்ன கலர்டா போட்டே?"

"தண்ணிக் கலர்தான்." கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "முதலாளிக்கு அதை விட்டா வேற எதுவும் ஆகாது, தெரியுமே."

தாழ்ந்த கண்ணை அவள் பார்த்தாள். வேறு யாராவதாக இருந்தால் அந்த இடத்திலேயே பிடித்து உலுக்கியிருப்பாள். தம்பி என்பதால் பார்க்காதவள் மாதிரி வெளியே வந்துவிட்டாள்.

வாசலில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தான் கொசு. முப்பது வயதாகியும் சதை பிடிக்காத உடம்பு, சதா காதோரம் ரீங்காரமிடுகிற வாய். அவளுடைய ஒரே உதவியாளன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டை நீட்டினான்.

"மேடம், அழறதா இருந்தா இதை மாட்டறதுக்கு முன்னாடியே அழுதுடுங்க. அப்புறம் கண்ணாடி மங்கி, வழி தெரியலைன்னு என்னைத் திட்டுவீங்க."

"வண்டியை எடுடா. கலர் கடைக்குப் போ."

ஆஸ்பத்திரியிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. தம்பி மனைவிக்கு இன்னும் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. வழியில் ஒரு தடவை எடுத்தாள்.

"அண்ணி, அவர் எங்கே? மருந்து வாங்கப் போயிருக்கார்னாங்க, ராத்திரியெல்லாம் வரலையே?"

"வருவான்மா. பட்டறையில வேலை. நீ தூங்கு."

"குழந்தைக்கு அவர் மூக்கு அண்ணி."

சல்லடை போனை வைத்துவிட்டாள்.

கலர் கடைக்காரம்மாவுக்கு விரல் பத்தும் பத்து நிறம். கடைச் சுவர் முழுக்கச் சாயம் பூசிய மரத்துண்டுகளை ஆணி அடித்து மாட்டியிருந்தாள். கடன் கேட்பவர்களையும் கேள்வி கேட்பவர்களையும் ஒரே மாதிரி முறைக்கிறவள்.

"தண்ணிக் கலர் போட்டா, எவ்வளவு நேரத்துல மேலே லாக்கர் அடிக்கலாம்?" என்று கேட்டாள் சல்லடை.

"ஒரு ராத்திரி காயணும். தண்ணி பட்டா மரம் மயிர் சிலிர்த்த மாதிரி எழும்பும், அதை வேற தேய்க்கணும். அவசரக்காரங்களுக்கு ஆகாத சாமான் அது. ஆமா, நீங்க அந்தப் பாலீஷ்காரனுக்கு அக்காதானே? நேத்து நான் ஷட்டரைத் தூக்கறப்போவே வந்து நின்னான். ஸ்பிரிட் கலர் கேட்டான்."

சல்லடை கல்லா மேல் குனிந்தாள். "ஸ்பிரிட் கலரா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"ஏன் இருக்காது? 'பெரியவருக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாருடா'ன்னு சொல்லித்தான் குடுத்தேன். ஸ்பிரிட் கலர் போட்ட கையோட காஞ்சிடும். அவனுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடணும், பாவம்."

ஆக, தம்பி பொய்தான் சொல்லியிருக்கிறான், அதுவும் பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்த வாயால்.

கொசு உடனே குறுக்கே புகுந்தான். மேடத்துக்கு மூச்சு வாங்க நேரம் வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். "ஏம்மா, கலர்னா கலர்தானே? இதுல தண்ணி என்ன, ஸ்பிரிட் என்ன?"

"உன் தலை! லாக்கரை எதுல கரைக்கிறோம்? தின்னர்ல. தின்னர் பட்டா ஸ்பிரிட் கலரும் கரைஞ்சிடும். கலர் மேல நேரா லாக்கர் அடிச்சா, கீழே இருக்கற கலர் மேலே ஏறி, பக்கத்துல வெள்ளையா எது இருந்தாலும் போய் ஒட்டிக்கும். அதனால ரெண்டையும் பிரிச்சு வைக்க நடுவுல சீலர் அடிக்கணும்."

"மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல புருஷன் நிக்கற மாதிரி."

"அவன் அடி வாங்குவான், சீலர் வாங்காது. அதுலயும் அரக்கு சீலரைப் பிரஷ்ல இழுத்தா, அது ஸ்பிரிட்லயே கரைச்சது, கலர் பிரஷ்ஷோட வந்துடும். வினைல் சீலரை ஸ்பிரே கன்ல ஊத்தி, மெல்லிசா ரெண்டு தடவை தூவுடான்னு சொன்னேன். அதையும் வாங்கிட்டுத்தான் போனான்."

"தண்ணிக் கலருக்கு?"

"அதுக்குச் சீலரே இல்லாட்டியும் கலர் கசியாது. தின்னரால அதை அசைக்க முடியாது. பெரியவருக்கு அதான் பிடிக்கும். 'எதுக்குய்யா நடுவுல ஒருத்தன்'னு நேரா லாக்கர் அடிப்பார். அடிச்சா கண்ணாடி தோத்துடும், அப்படி ஒரு கை." அந்த அம்மாள் கல்லாவுக்கு அடியிலிருந்து கொஞ்சம் பஞ்சையும் சின்னப் பாட்டிலில் தின்னரையும் எடுத்துக் கொடுத்தாள். "கண்ணுக்குத் தெரியாத இடத்துல தொட்டுப் பாருங்க. பஞ்சு வெள்ளையா வந்தா கலர் கீழே அடங்கி இருக்கு. சிவந்து வந்தா லாக்கருக்குள்ள ஏறிடுச்சுன்னு அர்த்தம்."

பட்டறை வாசலில் லாரி வந்து நின்றிருந்தது. இன்ஸ்பெக்டர் போட்டோக்காரரோடு உள்ளே இருந்தார். மருமகன் சலவைச் சட்டையில், அழுது சிவந்த கண்ணோடு அவளைக் கைகூப்பி வரவேற்றார்.

"உங்க தம்பி மேல எனக்குக் கோபம் இல்லைங்க. விதி."

"நேத்து மதியம் பூரா நீங்க இங்கேதான் இருந்தீங்களா?"

"முன்னால ஆபீஸ் ரூம்லதான். உங்க தம்பி காலையில லாக்கர் அடிச்சு முடிச்சான், சண்டை போட்டான், போயிட்டான். அப்புறம் ஒரு சத்தம் இல்லை. மாமா கோபத்துல உள்ளேயே உட்கார்ந்திருக்கார்னு நினைச்சேன். பாவி நான், எட்டிப் பார்க்காம விட்டுட்டேன்."

ஸ்பிரே கூடமான அந்தப் பின்னறையின் நடுவில் மேஜை நின்றது. பலகை அடர்ந்த செம்பழுப்பு. அதன் ஓரத்தைச் சுற்றி, விரல் அகலத்துக்கு வெள்ளை மரத்தில் பட்டை பதித்திருந்தார்கள். அந்த வெள்ளைதான் இந்த மேஜைக்கே அழகு. ஆனால் அது வெள்ளையாக இல்லை. வெற்றிலை போட்ட வாயைத் துடைத்த கைக்குட்டை மாதிரி, பட்டை நெடுக ஒரு சிவப்பு ஓடியிருந்தது.

அவள் குனிந்து மேஜையின் கால் ஓரத்தைத் தின்னர் பஞ்சால் தொட்டாள். பஞ்சு சிவந்தது.

அலமாரியில் வினைல் சீலர் டின் இருந்தது. கொசு எடுத்துக் காட்டினான். மூடி திறக்கவே இல்லை.

"என்ன இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மறைக்க அவளுக்கு மனமில்லை, மறைத்துப் பழக்கமும் இல்லை. கலர் கடையில் கேட்டதைச் சொன்னாள். கேட்டு முடித்த இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

"அப்போ தண்ணிக் கலர்னு உங்க தம்பி சொன்னது பொய். முதலாளி சொன்னதை மீறிக் கலரை மாத்தியிருக்கான். அவசரத்துல சீலரை விட்டுட்டு லாக்கரை அடிச்சிருக்கான். வெள்ளை சிவந்ததும் பெரியவர் பார்த்திருக்கார், கத்தியிருக்கார், கிளாம்ப் கைக்கு வந்திருக்கு. மேடம், சண்டைக்கு எனக்குச் சரியான காரணம் கிடைக்காம இருந்தது. அதையும் நீங்களே கொண்டு வந்து குடுத்துட்டீங்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. தம்பியைக் காப்பாற்ற வந்தவள் தன் கையாலேயே அவன் கழுத்தில் சுருக்கை மாட்டிவிட்டாள். லாரிக்காரர்கள் கயிற்றோடு உள்ளே வந்தார்கள். ஆஸ்பத்திரிப் போன் மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை.

"இன்னொரு இடத்துல பஞ்சு வெச்சுப் பார்க்கறேன்," என்று முணுமுணுத்துவிட்டு மேஜைக்கு அடியில் புகுந்தாள். பஞ்சு வைக்க அல்ல. இன்ஸ்பெக்டர் முன்னாலும் அந்த மருமகன் முன்னாலும் அழ அவளுக்கு இஷ்டமில்லை. மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் இரண்டு காதுக்கும் ஓடியது. தனக்குப் பதினாறு வயதில் அப்பா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள். பள்ளிக்கூடத்தில் அவன் அடி வாங்கினாலே சாப்பிடாமல் கிடப்பாள். இப்போது என்ன செய்யப் போகிறாள்?

கொசுவின் தலை பக்கவாட்டில் நுழைந்தது. "மேடம், இடம் நல்லா இருக்கா? நானும் வரட்டுமா?" குரல்தான் கிண்டல். கண் கலங்கியிருந்தது.

அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையின் அடிப்பக்கம் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. அதில் அவள் முகம் தெரிந்தது.

கையை நீட்டித் தடவினாள். எங்கும் ஒரு சொட்டு வழியவில்லை, ஒரு தூசி உட்காரவில்லை. யாரும் குனிந்தே பார்க்காத இடத்தில் ஒவ்வொரு பூச்சையும் காயவிட்டுத் தேய்த்து, மறுபடி அடித்திருந்தார்கள்.

"இன்ஸ்பெக்டர் சார்," என்று அடியிலிருந்தே கூப்பிட்டாள். "கொஞ்சம் கீழே வாங்க."

"நானா?"

"தொப்பியைக் கழட்டிட்டு வாங்க."

இன்ஸ்பெக்டர் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார்.

"சீலரை விட்டவன் அவசரக்காரன்னு சொன்னீங்க. பெண்டாட்டிக்கு வலின்னு துடிச்சவன், மேஜைக்கு அடியில பூச்சு மேல பூச்சா அடிச்சுத் தேய்ச்சுக்கிட்டு இருப்பானா? கலரையே கடை திறந்த பிறகுதான் வாங்கியிருக்கான். பலகை முழுக்கக் கலர் போட்டு, இத்தனை பூச்சும் காயவிட்டு அடிச்சு, மதியத்துக்குள்ள ஓட முடியுமா?"

இன்ஸ்பெக்டர் அடிப்பலகையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது அவசரமே இல்லாத கை. வேலை தெரிஞ்ச கை. அப்படிப்பட்ட கை ஏன் சீலரை விட்டுச்சு?" அவள் வெளியே ஊர்ந்து வந்து எழுந்தாள். முடியெல்லாம் மரத்தூள். "கீழே இருக்கறது ஸ்பிரிட் கலர்னு தெரியாததால. தண்ணிக் கலர்னு நம்பினதால. என் தம்பிக்கு அது ஸ்பிரிட்னு தெரியும், வாங்கினவனே அவன்தான். தெரிஞ்சவன் சீலர் இல்லாம அடிக்க மாட்டான். தண்ணிக் கலர்தான் போடணும்னு உத்தரவு போட்டது யார்? அதைத்தான் போட்டிருப்பான்னு நம்பி, வழக்கம் போல நேரா லாக்கர் அடிக்கக்கூடியவர் யார்?"

"பெரியவரா?" என்றார் இன்ஸ்பெக்டர் மெல்ல.

"அவரேதான் அடிச்சிருக்கார் சார். என் தம்பி ஓடின பிறகு, அவன் விட்ட வேலையை. அவன் ஆஸ்பத்திரியில நின்னதை நர்சுங்க பார்த்திருக்காங்க. அவன் அங்கே நிக்கறப்போ பெரியவர் இங்கே உயிரோட கன் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கார்."

மருமகன் வறண்ட சிரிப்பு ஒன்று சிரித்தார். "கூடப் பிறந்தவனுக்காகக் கதை கட்டறீங்க. நான் ஆபீஸ்ல இருந்தேனே! ஈ பறந்தாக்கூட எனக்குக் கேட்டிருக்கும்."

"கொசு பறந்தா?" என்று கேட்டுக்கொண்டே கொசு சுவரோரம் இருந்த, ஸ்பிரே கன்னுக்குக் காற்று தள்ளும் கம்ப்ரஸரின் சுவிட்சைத் தட்டினான்.

பட்டறையே அதிர்ந்தது. ஆபீஸ் ரூம் கண்ணாடி கடகடத்தது, மேஜை மேலிருந்த பேனா உருண்டு தரையில் விழுந்தது. அடுத்த நொடி, பக்கத்துச் சுவருக்கு அப்பாலிருந்து இருபது முப்பது குழந்தைகள் ஒரே மூச்சில் வீறிட்டன. அது குழந்தைகள் காப்பகம். சற்று நேரத்தில் ஓர் ஆயாம்மா இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வாசலில் வந்து நின்றாள். அவள் போட்ட சத்தத்தில் கம்ப்ரஸரே தோற்றது.

"நீங்கல்லாம் மனுஷங்களா? நேத்தும் இப்படித்தான், சோறு குடுத்துத் தூங்க வெச்ச நேரம் பார்த்து ஆரம்பிச்சீங்க. விட்டு விட்டு சாயங்காலம் வரைக்கும்! இன்னிக்குமா?"

கொசு சுவிட்சை அணைத்தான். குழந்தைகளின் அழுகை மட்டும் மிச்சமிருந்தது.

"நேத்து மதியமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா சார். ஒரு பிள்ளை தூங்கலை!"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மெதுவாக மாட்டிக்கொண்டு மருமகன் பக்கம் திரும்பினார். அந்த மனிதரின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. சலவைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு அடி பின்னால் போனார். அங்கே லாரிக்காரர்கள் நின்றிருந்தார்கள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பட்டறையை விற்க அவர் ரகசியமாக முன்பணம் வாங்கியிருந்ததும், பெரியவர் கையெழுத்துப் போட மறுத்ததும், கிளாம்பை எடுத்து அடித்ததும் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் வந்தது அழுகையில்லை, ஆத்திரம்.

"நான் கையெழுத்தைப் பத்திப் பேச வந்தா, அவர் அந்தப் பட்டையைப் பார்த்துக்கிட்டு அவனைப் பத்தியே பேசறார் சார்! சொந்த மருமகன் நான் நிக்கறேன், அவனைப் பத்தி!"

"என்ன சொன்னார்?" என்று கேட்டாள் சல்லடை.

அவர் சொன்னார். அதைக் கேட்ட கொசு தின்னர் பாட்டிலை மூடிப் பையில் வைத்தான்.

கோர்ட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில் தம்பி ஸ்டேஷன் படியில் இறங்கி வந்தான். கையெழுத்துகள் எல்லாம் ஆகிவிட்டன. அக்காவைக் கட்டிக்கொண்டு குலுங்கினான். அவள் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஏன்டா தண்ணிக் கலர்னு பொய் சொன்னே? அந்த ஒரு பொய்யால உன்னை மொத்தமா இழந்திருப்பேன்டா."

"செத்துப் போனவரு, அக்கா. உயிரோட இருந்தவரைக்கும் ஏமாத்தினதே இல்லை. கடைசி நாள்ல ஏமாத்தினேன்னு ஊர் முன்னாடி எப்படிச் சொல்லுவேன்? அதைச் சொல்றதுக்கு உள்ளேயே கிடக்கலாம்னு தோணுச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "மேஜை எப்படி வந்திருக்கு?"

"வெள்ளைப் பட்டை சிவந்துடுச்சு."

அவன் முகம் செத்துவிட்டது. "அப்போ அவருக்குத் தெரிஞ்சுபோச்சா?"

அவள் கொசுவைப் பார்த்தாள். ஒரு கிண்டல் சொல்லி இந்தக் கேள்வியைத் திசை திருப்பக்கூடியவன் அவன்தான். அவன் ஸ்கூட்டர் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரிஞ்சுதான்டா இருக்கு."

"என்ன திட்டினாராம்? சொல்லுக்கா. எதுவா இருந்தாலும் கேட்டுக்கறேன்."

"'பய அவசரத்துல கலரை மாத்திட்டான். பெண்டாட்டிக்கு வலின்னா எவனுக்குத்தான் கை நிக்கும், நான்தான் விட்டிருக்கணும். நாளைக்கு நானே சுரண்டிச் சரி பண்ணிக்கறேன், அவன்கிட்ட யாரும் சொல்லிடாதீங்க'ன்னாராம்."

தம்பி அப்படியே படியில் உட்கார்ந்தான். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க, வாய் விட்டு அழுதான்.

"திட்டியிருக்கலாமேக்கா," என்றான். "ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே."